பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை நான் முதல்முறை மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது 13.6 வோல்ட் காட்டியது. "பேட்டரி புதுசு மாதிரி இருக்கு மாமா" என்று பெருமையாகச் சொன்னேன். அன்று ராத்திரி கரண்ட் போனது. கால் மணி நேரத்தில் மின்விசிறியும் நின்றது. மாமா ஒன்றும் சொல்லவில்லை, விசிறி மட்டையைத் தேடி எடுத்துக்கொண்டார்.

மீட்டரில் கோளாறு இல்லை. சார்ஜரை நிறுத்திய கையோடு அளந்ததுதான் என் தப்பு. அதன்பிறகு கற்றுக்கொண்டதும், தெரிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதும் இங்கே இருக்கிறது. பெரும்பகுதி தண்ணீர் ஊற்றுகிற டியூபுலர் பேட்டரி பற்றியது, நம் வீடுகளில் இருப்பது அதுதான். கார், லித்தியம், போன், டார்ச் செல் எல்லாம் கடைசியில் வரும்.

பெட்ரோல் டேங்கில் குச்சி விட்டுப் பார்ப்பதுபோல, சார்ஜை நேராக அளக்க வழி இல்லையா?

இல்லை. பேட்டரிக்குள் மின்சாரம் மின்சாரமாக இருப்பதில்லை, ரசாயனமாக இருக்கிறது. ஒரு தகட்டில் ஈய டை ஆக்சைடு, இன்னொன்றில் பஞ்சுபோன்ற ஈயம், நடுவில் நீர்த்த கந்தக அமிலம். பேட்டரி இறங்க இறங்க அமிலத்தில் உள்ள சல்பேட் இரண்டு தகடுகளிலும் போய் ஒட்டிக்கொள்கிறது, மிஞ்சும் திரவத்தில் தண்ணீரின் பங்கு கூடுகிறது. சார்ஜ் ஏற்றும்போது இதே வேலை தலைகீழாக நடந்து அமிலம் மறுபடி கெட்டியாகிறது.

ஆக, அமிலத்தின் அடர்த்தியைப் பார்த்தால் எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று ஊகிக்கலாம். மெக்கானிக்குகள் "கிராவிட்டி பார்த்தாச்சா?" என்று கேட்பது இதைத்தான். வோல்ட் பார்ப்பது இன்னொரு வழி. உள்ளே போன ஆம்பியரையும் வெளியே வந்த ஆம்பியரையும் கணக்கு வைப்பது மூன்றாவது. மூன்றுமே சுற்றுவழிகள்தான். மூன்றும் எப்போது ஏமாற்றும் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

என் டியூபுலர் பேட்டரி 12.45 வோல்ட் காட்டுகிறது. இணையத்தில் கிடைத்த அட்டவணைப்படி 80 சதவீதம்கூட வரவில்லை. சார்ஜர் சரியாக ஏற்றவில்லையா?

அநேகமாக உங்கள் பேட்டரி முழுதாக ஏறித்தான் இருக்கிறது. என்னிடம் அதிகம் பேர் கேட்டது இந்தக் கேள்விதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இணையத்தில் சுற்றும் அட்டவணைகள் பெரும்பாலும் கார் பேட்டரிக்கானவை. தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால், கார் பேட்டரியில் முழு சார்ஜில் அமிலத்தின் அடர்த்தி 1.265 அளவில் இருக்கும், ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். முக்கால் என்றால் 1.225, 12.4 வோல்ட். பாதி என்றால் 1.190, 12.2 வோல்ட். கால் பங்கு என்றால் 1.155, 12 வோல்ட்டை ஒட்டி.

இன்வெர்ட்டருக்கான டியூபுலர் பேட்டரியில் அமிலத்தைக் கொஞ்சம் நீர்க்கவே விட்டிருப்பார்கள். இடம் தாராளமாக இருப்பதால் அமிலத்தின் அளவைக் கூட்டி, கெட்டித்தன்மையைக் குறைக்கிறார்கள். தகடு நீண்ட நாள் உழைக்கட்டும் என்பதற்காகத்தான். இவற்றில் முழு சார்ஜில் 1.220 முதல் 1.240 வரைதான் வரும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. அடர்த்தியோடு 0.84 கூட்டினால் ஒரு செல்லின் ஓய்வு வோல்ட் ஏறக்குறைய வந்துவிடும். 1.240 உடன் 0.84 கூட்டினால் 2.08. 12 வோல்ட் பேட்டரிக்குள் இப்படி ஆறு செல், ஆறுக்கும் சேர்த்து 12.48 வோல்ட். உங்கள் பேட்டரியின் முழு சார்ஜ் இதுதான்! இதை வைத்துக்கொண்டு "சார்ஜ் ஏறல" என்று புது சார்ஜர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். வாரன்டி அட்டையிலோ பேட்டரியின் பக்கவாட்டிலோ முழு சார்ஜ் கிராவிட்டி எவ்வளவு என்று போட்டிருக்கும். முதலில் அதைப் பாருங்கள், உங்கள் அட்டவணையை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முழு சார்ஜுக்கும் காலிக்கும் நடுவே மொத்தமே முக்கால் வோல்ட் அளவுதான் வித்தியாசம். 0.1 வோல்ட் பிசகினால் 15 சதவீதம் பிசகும். முந்நூறு ரூபாய் மல்டிமீட்டரின் பிழையே இதில் பாதிக்கு மேல் தின்றுவிடும்.

வோல்ட் பார்க்கும் முன் எவ்வளவு நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும்?

நான்கு மணி நேரமாவது. ராத்திரி முழுக்க விட்டால் இன்னும் நல்லது.

சார்ஜர் நின்ற உடனே தகட்டின் மேற்பரப்பை ஒட்டிய அமிலம் மட்டும் கெட்டியாக இருக்கும், உள்ளே இன்னும் பரவியிருக்காது. மேல்சார்ஜ் என்பார்கள். என் 13.6 வோல்ட்டின் கதை இதுதான். லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது நடப்பது நேர் எதிர். வோல்ட் தணிந்து காட்டும், நிறுத்தினால் மெல்ல ஏறும்.

ஓய்வு என்றால் உண்மையான ஓய்வு. இன்வெர்ட்டரின் பிளக்கைப் பிடுங்கி, சுவிட்சையும் அணைக்க வேண்டும். விளக்கு விசிறி எதுவும் ஓடாவிட்டாலும் ஆனில் இருக்கும் இன்வெர்ட்டர் தனக்கென்று கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். காரில் அவசரம் என்றால் ஹெட்லைட்டை ஒரு நிமிஷம் எரியவிட்டு அணைத்து, சில நிமிஷம் பொறுத்துப் பார்க்கலாம். துல்லியம் குறையும், ஆனாலும் பரவாயில்லை.

கிராவிட்டி பார்ப்பது எப்படி? எனக்குப் பயமாக இருக்கிறது.

பயம் நல்லதுதான், அமிலம் ஆயிற்றே. கண்ணாடி, ரப்பர் கையுறை, பழைய சட்டை. பருத்தித் துணியில் ஒரு சொட்டு பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது, அடுத்த முறை துவைக்கும்போது ஓட்டை விழுந்திருக்கும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். அறையில் காற்றோட்டம் வேண்டும், சாமி விளக்கோ ஊதுபத்தியோ பக்கத்தில் எரியக் கூடாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியாகும்.

ஹைட்ரோமீட்டர் என்பது தலையில் ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாய், உள்ளே ஒரு மிதவை. பேட்டரிக் கடையிலும் ஆட்டோமொபைல் கடையிலும் கிடைக்கும். செல்லின் மூடியைத் திறந்து, குழாயின் நுனியை உள்ளே விட்டு, குமிழை அமுக்கி மெதுவாக விடுங்கள். மிதவை அடியிலும் முட்டாமல், மேலேயும் முட்டாமல், பக்கச் சுவரிலும் ஒட்டாமல் தன்பாட்டில் மிதக்க வேண்டும். குழாயை லேசாகத் தட்டினால் ஒட்டியது விடுபடும். முதலில் இரண்டு மூன்று முறை உறிஞ்சி அதே செல்லில் திரும்ப விட்டுவிட்டு, அப்புறம் அளவைப் பாருங்கள். கண்ணைத் திரவ மட்டத்துக்குக் கொண்டுவந்து படியுங்கள். மேலிருந்து எட்டிப் பார்த்தால் பத்துப் புள்ளி, அதாவது 0.010, தப்பாக வரும்.

மிதவையில் 1100 முதல் 1300 வரை கோடுகள் இருக்கும். கடையில் "ஆயிரத்து இருநூற்று நாற்பது" என்று சொன்னால் 1.240 என்று அர்த்தம். பச்சை, வெள்ளை, சிவப்புப் பட்டைகளும் இருக்கும். அவற்றை நான் நம்புவதில்லை. அந்தப் பட்டைகள் கார் பேட்டரியை மனதில் வைத்துப் போட்டவை, டியூபுலர் முழுதாக ஏறியிருந்தாலும் வெள்ளையிலேயே நிற்கும். எண்ணைப் படியுங்கள்.

ஒரு செல்லில் எடுத்த அமிலத்தை அதே செல்லில்தான் விட வேண்டும். ஆறு எண்ணையும் வரிசையாக, தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். பாசிட்டிவ் முனையிலிருந்து முதல் செல் என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால் பிற்பாடு குழப்பம் வராது.

கையில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு நேரே மருத்துவமனை. தரையில் சிந்தினால் ஆப்ப சோடாவைத் தூவுங்கள், நுரைத்து அடங்கும்.

மே மாதத்தில் அளவு குறைவாக வருகிறதே?

வெயில்தான் காரணம். சூட்டில் அமிலம் விரிந்து அடர்த்தி குறைந்து காட்டும். நம் நாட்டில் 27 டிகிரியை அடிப்படையாக வைக்கிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.0007 கூட்ட வேண்டும், கீழே போனால் கழிக்க வேண்டும். மாடிப்படிக்குக் கீழே வைத்த பேட்டரியின் அமிலம் 40 டிகிரியில் இருந்தால் 13 டிகிரி வித்தியாசம், ஒன்பது புள்ளி. 1231 என்று படித்தால் உண்மையில் 1240. பார்க்க வேண்டியது அமிலத்தின் சூடு, அறையின் சூடு இல்லை.

ஆறு செல்லும் ஒரே எண் காட்டவில்லை. செல் போய்விட்டதா?

பத்து, பதினைந்து புள்ளி வித்தியாசம் சகஜம். முப்பதைத் தாண்டினால் ஒரு நீண்ட சார்ஜ் கொடுத்துப் பாருங்கள். பல இன்வெர்ட்டர்களில் இதற்கென்றே ஒரு முறை உண்டு. பின்தங்கிய செல்கள் எட்டிப் பிடிக்க வாய்ப்பிருக்கிறது. அதற்குப் பிறகும் ஒரு செல் மட்டும் ஐம்பது புள்ளிக்கு மேல் கீழேயே கிடந்தால் அந்தச் செல்லை நம்பிப் பயனில்லை.

இங்கேதான் ஹைட்ரோமீட்டர் மல்டிமீட்டரை ஜெயிக்கிறது. வெளியே இரண்டு முனைகளில் பார்க்கும் வோல்ட் ஆறு செல்லின் கூட்டுத்தொகை. ஐந்து நல்ல செல்கள் ஒரு நோஞ்சானை மறைத்துவிடும். செல் முற்றிலும் ஷார்ட் ஆகிவிட்டால்தான் கூட்டுத்தொகை காட்டிக்கொடுக்கும். ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏற்றியும், ஓய்வில் 10.5 வோல்ட்டை ஒட்டியே நின்றால் ஒரு செல் முழுசாகப் போய்விட்டது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

தண்ணீர் ஊற்றிய உடனே பார்க்கலாமா?

கூடாது. டிஸ்டில்டு வாட்டர் லேசானது, மேலேயே நிற்கும், ஹைட்ரோமீட்டர் அதைத்தான் உறிஞ்சும். முழுச் சார்ஜ் ஒன்று ஏறி, குமிழிகள் கிளம்பி நன்றாகக் கலந்த பிறகு பாருங்கள். தண்ணீர் மட்டம் மிகவும் இறங்கிக் கிடக்கும்போது பார்த்தால் எண் கூடுதலாக வரும், அதுவும் பொய். ஆர்.ஓ. தண்ணீர் வேண்டாம். இன்னொன்று, கிராவிட்டி குறைகிறதே என்று யாராவது ஆசிட் ஊற்ற வந்தால் தடுத்துவிடுங்கள். சல்பேட் தகட்டில் உட்கார்ந்திருக்கிறது. வெளியிலிருந்து ஆசிட் சேர்த்தால் எண் ஏறும், சார்ஜ் ஏறாது, தகடு சீக்கிரம் அரிக்கும்.

மூடிமேல் உள்ள சிவப்பு, பச்சை மிதவை சார்ஜைத்தானே காட்டுகிறது?

இல்லை, தண்ணீர் மட்டத்தை. கார் பேட்டரியில் உள்ள சின்னக் கண்ணாடிக் கண் வேறு. அது உள்ளேயே பொதித்த குட்டி ஹைட்ரோமீட்டர், ஆனால் ஆறில் ஒரே ஒரு செல்லைத்தான் பார்க்கும். பச்சை தெரிந்தால் அந்தச் செல் நன்றாக இருக்கிறது, மற்ற ஐந்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இன்வெர்ட்டர் திரையில் 100 சதவீதம். கரண்ட் போனால் இருபது நிமிஷத்தில் பீப் அடிக்கிறது. எது உண்மை?

இரண்டுமே. தண்ணீர்த் தொட்டியில் முக்கால்வாசி சேறு படிந்திருக்கிறது என்று வையுங்கள். விளிம்பு வரை தண்ணீர் நிற்கும், எட்டிப் பார்த்தால் தொட்டி நிறைந்திருக்கும், நாலு குடம் மொண்டால் தீர்ந்துவிடும். சார்ஜ் நிலை வேறு, கொள்ளளவு வேறு. நாளாக ஆக சல்பேட் படிகம் கெட்டிப்பட்டுப்போகும், தகட்டிலிருந்து பொடி உதிரும், தொட்டி சிறுத்துவிடும். மிச்சமிருக்கும் சின்னத் தொட்டி நூறு சதவீதம் நிரம்பும்.

தவிர, பல இன்வெர்ட்டர்கள் திரையில் காட்டும் சதவீதம் வோல்ட்டைப் பார்த்துப் போட்ட ஊகம். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது 13.5 வோல்ட்டுக்கு மேல்தான் இருக்கும், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

பேட்டரியை மாற்றச் சொல்லும் முன் முனைகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எங்கள் உறவினர் ஒருவருக்கு ஒரு கடையில் "பேட்டரி போச்சு" என்று சொல்லிவிட்டார்கள். போய்ப் பார்த்தால் முனையில் பச்சை பூத்து, நட்டு தளர்ந்து கிடந்தது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, முறுக்கி, வாசலின் தடவினோம். அதே பேட்டரி இன்னும் இரண்டு வருஷம் ஓடியது.

அப்படியென்றால் கொள்ளளவை வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

முடியும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் பகலில் கரண்டை நிறுத்தும் நாள் இதற்குத் தோதானது. எப்படியும் அன்று பேட்டரியில்தான் ஓட்டப்போகிறோம்.

முந்தைய நாள் முழு சார்ஜ், காலையில் கிராவிட்டி. கரண்ட் போனதும் மாறாத ஒரு லோடைப் போடுங்கள். சாதாரண மின்விசிறி ஒன்று ஏறக்குறைய 75 வாட். இரண்டு விசிறி, சில எல்.இ.டி. விளக்கு, ரவுட்டர் சேர்த்து 200 வாட் என்று வையுங்கள். இன்வெர்ட்டரில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கொண்டால் பேட்டரியிலிருந்து 250 வாட், அதாவது 21 ஆம்பியர் போகும். மூன்று மணி நேரத்தில் 63 ஏ.எச். (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு). புதிய 150 ஏ.எச். பேட்டரி இதற்கு அசரக் கூடாது. மூன்று மணி நேரம் கழித்து லோடை நிறுத்தி, ஓய்வு கொடுத்து, மறுபடி ஆறு செல்லையும் பாருங்கள். 1180 அளவில் நின்றால் இன்னும் ஏறக்குறைய பாதி மிச்சமிருக்கிறது, தேறும். 1130, 1140 என்று தரையைத் தட்டினால் தொட்டி சிறுத்துவிட்டது.

பீப் அடித்துத் தானாக அணையும்வரை இறக்கிச் சோதிப்பவர்கள் உண்டு. முழுக் கணக்கு கிடைக்கும்தான். ஆனால் ஒவ்வொரு முறை அடிவரை இறக்குவதும் பேட்டரியின் ஆயுளில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், நான் செய்வதில்லை. தொழிற்சாலைகளில் கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் கீழே வந்தால் மாற்றிவிடுவார்கள். வீட்டில் நாம் பாதிக்கு வரும்வரை ஓட்டுகிறோம், அது அவரவர் வசதி.

150 ஏ.எச். என்றால் 50 ஆம்பியர் மூன்று மணி நேரம் கிடைக்க வேண்டாமா?

கிடைக்காது. இன்வெர்ட்டர் பேட்டரியில் 150 என்று போடுவது பெரும்பாலும் 20 மணி நேரக் கணக்கு, 7.5 ஆம்பியர் வீதம் இழுத்தால் 150. அவசரமாக உறிஞ்சினால் அமிலம் தகட்டின் உட்பகுதிக்குப் போய்ச்சேர நேரம் இருக்காது, மொத்தமும் குறையும். இதற்கு 1897இலேயே ஜெர்மானியரான பாய்க்கர்ட் ஒரு சூத்திரம் எழுதிவிட்டார். வாங்கும்போது சி20 (20 மணி நேர) அளவா, சி10 (10 மணி நேர) அளவா என்று கேளுங்கள். சோலாருக்கு விற்பவை பெரும்பாலும் சி10. அதே எண்ணாக இருந்தால் சி10 பேட்டரிதான் பெரியது.

ஆம்பியரை மல்டிமீட்டரிலேயே பார்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, பேட்டரி முனைகளில் வைத்தால் அது நேரடி ஷார்ட். நல்ல மீட்டர் என்றால் ஃபியூஸ் போகும், மலிவு மீட்டர் என்றால் கையிலேயே வெடிக்கும். வயரை வெளியிலிருந்தே கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வாங்குங்கள், டி.சி. அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள். குறைந்த விலையில் கிடைப்பவை பல ஏ.சி. மட்டுமே அளக்கும்.

வயரை முனையில் உரசி, பொறி பறக்கிறதா என்று பார்ப்பார்களே?

பார்ப்பார்கள். செத்துக்கொண்டிருக்கும் பேட்டரியிலும் பொறி பறக்கும். பக்கத்தில் ஹைட்ரஜன் இருந்தால் பேட்டரியும் பறக்கும்.

கார் பேட்டரிக்குக் கடையில் ஒரு சின்னக் கருவியை வைத்து ஐந்து நொடியில் சொல்கிறார்களே?

அது பேட்டரியின் கடத்துதிறனை அளந்து, இன்ஜினைச் சுழற்றும் தெம்பு எவ்வளவு என்று ஊகிக்கிறது. காருக்கு முக்கியம் அதுதான், எத்தனை மணி நேரம் ஓடும் என்பது இல்லை. ஆனால் பேட்டரி இறங்கிக் கிடக்கும்போது அளந்தால் நல்ல பேட்டரியையும் மோசம் என்று சொல்லிவிடும், ஏற்றிவிட்டு அளக்கச் சொல்லுங்கள். வீட்டில் செய்ய வேண்டுமானால், ஒருவர் ஸ்டார்ட் செய்யும்போது இன்னொருவர் மீட்டரைப் பார்க்கலாம். சுழலும் நேரத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் எச்சரிக்கை.

யு.பி.எஸ்.ஸில் உள்ள மூடிய பேட்டரி?

திறக்க முடியாது, திறக்கவும் கூடாது. ஓய்வு வோல்ட் மட்டும்தான் வழி. அமிலம் கெட்டியானது என்பதால் முழுச் சார்ஜில் 12.8 முதல் 13 வரை வரும். மேலே சொன்ன 0.84 கணக்கை 1.300 வைத்துப் போட்டுப் பாருங்கள், பொருந்தும்.

லித்தியம் பேட்டரிக்கு மாறிவிட்டேன். மீட்டர் எப்போதும் 13.2 காட்டுகிறது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட்டின் குணம் அது. நான்கு செல் சேர்ந்த பேட்டரியில் ஏறக்குறைய 30 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு மேல் வரை, 13.0க்கும் 13.3க்கும் நடுவிலேயே கிடக்கும். சமவெளியில் நின்றுகொண்டு கடல் எவ்வளவு தூரம் என்று கேட்பதுபோல. இங்கே வோல்ட்டை விட்டுவிட்டு ஆம்பியர் கணக்குக்குத்தான் வர வேண்டும். உள்ளே ஒரு சிறு மின்தடையின் வழியாகப் போகும் வரும் ஆம்பியரை நொடிதோறும் எண்ணி வரவு செலவு எழுதுகிறது அதன் மேலாண்மைப் பலகை. சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும், அதனால் அவ்வப்போது முழுச் சார்ஜ் ஏற்றினால் கணக்கு மறுபடி நூறில் தொடங்கும். மின்சார ஸ்கூட்டரில் சதவீதம் திடீரென்று தாவுவதும் பலநேரம் இந்தக் கணக்கைத் திருத்தும் வேலைதான்.

என் போன் 20 சதவீதத்தில் அணைந்துபோகிறது.

பேட்டரி கிழடாகிவிட்டது. உள்தடை கூடிப்போனதால், கேமரா மாதிரி எதையாவது திறக்கும்போது வோல்ட் சட்டென்று சரிகிறது, போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைகிறது. ஒருமுறை அணையும்வரை ஓட்டி, இடைவிடாமல் முழுக்க ஏற்றினால் சதவீதக் கணக்கு சீராகலாம். தொட்டி பெரிதாகாது.

டார்ச் செல்லைத் தரையில் போட்டுப் பார்த்தால் தெரியும் என்கிறார்களே?

அல்கலைன் செல்லுக்கு இதில் பாதி உண்மை. புதுசு தொப்பென்று விழுந்து நிற்கும், பழசு துள்ளும். உள்ளே துத்தநாகக் கூழ் ஆக்சைடாகி இறுகிவிடுவதுதான் காரணம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2015இல் இதை அளந்தே பார்த்தார்கள். பாதி சார்ஜ் இறங்கும்போதே துள்ளல் உச்சத்துக்குப் போய், அதற்குமேல் மாறாமல் நின்றுவிடுகிறது. அதனால் துள்ளினால் "புதுசு இல்லை" என்று சொல்லலாம், காலி என்று சொல்ல முடியாது. மல்டிமீட்டரில் புதுசு 1.5க்கு மேல், 1.2 வந்தால் முடியும் தறுவாய்.

சின்ன வயதில் டார்ச் செல்லை வெயிலில் காயவைத்து மறுபடி போடுவோமே, அது சார்ஜ் இல்லை. சூட்டில் உள்ளிருக்கும் ரசாயனம் கொஞ்சம் வேகமாக நகர்ந்து, கடைசிச் சொட்டையும் கொடுத்துவிடும். ராத்திரி வயலுக்குப் போய்த் திரும்ப அது போதுமாக இருந்தது.